'டக்' என்று சத்தம் வருகிறது, கார் ஸ்டார்ட் ஆகவில்லை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சாவியைத் திருப்பியதும் 'டக்' என்று ஒரு சத்தம் மட்டும் வந்து வண்டி அசையாமல் நின்றால், பலரும் நேராகப் பேட்டரிக் கடைக்குப் போகிறார்கள். சில வண்டிகளில் அதோடு பிரச்சினை தீர்ந்துவிடும். பல வண்டிகளில் பணம் செலவான பிறகும் அதே சத்தம் தொடரும். எதையும் மாற்றுவதற்கு முன் ஐந்து நிமிடம் கேட்டும் பார்த்தும் அளந்தும் விட்டால் வீண்செலவு மிச்சம். திரும்பத் திரும்ப வரும் சந்தேகங்களைக் கேட்டவர்களின் பேச்சிலேயே கீழே தொகுத்திருக்கிறோம். 12 வோல்ட் பேட்டரி உள்ள சாதாரண பெட்ரோல், டீசல் கார்களுக்கு இவை பொருந்தும். ஸ்டார்ட்டர் மோட்டாரைப் பட்டறையில் சொல்வதுபோல 'செல்ஃப்' என்றே எழுதியிருக்கிறோம்.

1. சாவியத் திருப்பினா 'டக்'னு ஒரு சத்தம், அவ்வளவுதான். அது எங்கேயிருந்து வருது?

செல்ஃப் மோட்டாரின் மேல் ஒட்டியபடி சிறிய உருளை ஒன்று இருக்கும். அதுதான் சாலினாய்டு. சாவியைத் திருப்பியதும் அதன் காயிலுக்குக் கொஞ்சம் கரண்ட் போகிறது. உள்ளே இருக்கும் இரும்புத் தண்டு இழுபடுகிறது. அந்தத் தண்டு பெண்டிக்ஸ் கியரை முன்னே தள்ளி ஃப்ளைவீலின் பல்சக்கரத்தில் மாட்டிவிடும். கடைசியில் ஒரு செம்புத் தட்டு இரண்டு தடித்த போல்ட்டுகளைத் தொட்டு, பேட்டரியின் முழு கரண்டையும் மோட்டாருக்குள் விடும். தண்டு போய் இடிக்கும் சத்தம்தான் உங்களுக்குக் கேட்கும் 'டக்'.

ஆகவே அந்தச் சத்தம் நல்ல துப்பு. சாவி, இக்னிஷன் சுவிட்ச், கிளட்ச் சுவிட்ச், ரிலே (சிறு கரண்டால் பெரிய கரண்டைத் திறந்துவிடும் சுவிட்ச்), சாலினாய்டுக்குப் போகும் மெல்லிய ஒயர் எல்லாம் பெரும்பாலும் வேலை செய்கின்றன என்று அது சொல்கிறது. கோளாறு அதற்கு அப்பால்: பேட்டரியில் சக்தி இல்லை, சக்தி இருந்தும் மோட்டாருக்குப் போய்ச் சேரவில்லை, அல்லது சேர்ந்தும் மோட்டாரால் சுற்ற முடியவில்லை. கீழே உள்ள எல்லாக் கேள்விகளும் இந்த மூன்றில் எது என்று பிரிப்பதற்காகத்தான்.

2. எனக்கு ஒரு 'டக்' இல்ல, 'டகடகடக'ன்னு வேகமா அடிக்குது. ரெண்டும் ஒண்ணுதானா?

இல்லை, இரண்டும் வேறு. வேகமாக அடித்தால் முதல் சந்தேகம் பேட்டரி இறங்கியிருப்பது, அடுத்தது டெர்மினல் சரியாகப் பிடிக்காதது. சாலினாய்டின் தண்டை இழுத்துப் பிடிக்கக் கொஞ்சம் வோல்டேஜ் போதும். தட்டு தொட்டதும் மோட்டார் பெரிய கரண்டைக் கேட்கிறது. பலவீனமான பேட்டரி அந்த நொடியிலேயே சரிந்துவிடும். பிடித்து வைத்திருக்கும் காயிலுக்கும் சக்தி போதாமல் தண்டு திரும்பி வந்துவிடும். தொடர்பு விட்டதும் வோல்டேஜ் மீண்டும் ஏறும், தண்டு மீண்டும் இழுபடும். நொடிக்குப் பல முறை இது நடப்பதுதான் அந்த 'டகடக'.

ஒரே ஒரு கனமான 'டக்' வந்து அதோடு நின்றால், தண்டைப் பிடித்து வைக்கும் அளவுக்கு வோல்டேஜ் இருக்கிறது, மோட்டார்தான் சுற்றவில்லை என்று பொருள். செம்புத் தட்டு கருகியிருக்கலாம், மோட்டாரின் சுழலும் பகுதிக்குக் கரண்டைக் கொடுக்கும் கார்பன் பிரஷ் தேய்ந்திருக்கலாம், தடித்த ஒயரில் பிடிப்பு இல்லாமல் இருக்கலாம், அரிதாக இன்ஜினே இறுகியிருக்கலாம். மிகவும் இறங்கிப்போன பேட்டரியும் சில வண்டிகளில் ஒற்றை 'டக்'கோடு நின்றுவிடுவது உண்டு. அதனால் சத்தத்தை மட்டும் வைத்துத் தீர்ப்பு எழுதிவிடாதீர்கள்.

3. கையில மீட்டர் எதுவும் இல்ல. நின்ன இடத்துலயே எப்படிக் கண்டுபிடிக்கிறது?

ஹெட்லைட்டைப் போட்டு, எதிர்ச் சுவரில் விழும் வெளிச்சத்தைப் பார்த்துக்கொண்டே சாவியைத் திருப்புங்கள். இரவாக இல்லாவிட்டால் உள்ளே இருக்கும் ரூம் லைட் போதும். வெளிச்சம் அணையும் அளவுக்கு மங்கினால் பேட்டரி இறங்கியிருக்கிறது அல்லது டெர்மினல் பிடிக்கவில்லை. சாவியைத் திருப்பும் முன்பே மங்கலாக இருந்தால் பேட்டரிதான் என்று கிட்டத்தட்ட முடிவு செய்யலாம்.

வெளிச்சம் கொஞ்சமும் மாறாமல் 'டக்' மட்டும் வந்தால் மோட்டாருக்குள் கரண்ட் போகவே இல்லை. சாலினாய்டின் தட்டு, கார்பன் பிரஷ், அல்லது பேட்டரியிலிருந்து செல்ஃபுக்கு வரும் தடித்த ஒயர் ஆகியவற்றைப் பாருங்கள். முன்பு பிரகாசமாக இருந்த விளக்கு 'டக்' வரும்போது நன்றாக மங்கி, சாவியை விட்டதும் உடனே பழையபடி எரிந்தால் மோட்டார் கரண்டை இழுத்தும் சுற்ற முடியாமல் தவிக்கிறது என்றும் இருக்கலாம். அதற்கு 18, 19-ம் கேள்விகளைப் பாருங்கள்.

4. லைட் நல்லா எரியுது, ஹாரன் அடிக்குது, ஏசி ஃபேன் ஓடுது. அப்போ பேட்டரி நல்லாத்தானே இருக்கு?

அப்படிச் சொல்ல முடியாது. இரண்டு ஹெட்லைட் பல்புகளும் சேர்ந்து ஏறத்தாழ 10 ஆம்பியர்தான் இழுக்கும். சின்ன பெட்ரோல் கார் செல்ஃப் இன்ஜினைச் சுற்றும்போது 100 முதல் 200 ஆம்பியர் வரை கேட்கும். டீசலுக்கு அதைவிடக் கூடுதல். மோட்டார் நகரத் தொடங்கும் முதல் கணத்தில் இன்னும் அதிகம். பழைய பேட்டரியால் 10 ஆம்பியரை மணிக்கணக்கில் கொடுக்க முடியும், 150 ஆம்பியரை மூன்று நொடி கொடுக்க முடியாது. லைட் எரிவது பேட்டரியில் ஏதோ இருக்கிறது என்பதற்கு மட்டுமே சாட்சி.

5. மல்டிமீட்டர் இருக்கு. எங்க வைக்கணும், எவ்வளவு காட்டணும்?

மீட்டரை டிசி 20 வோல்ட்டில் வையுங்கள். சிவப்பு முனை பேட்டரியின் பிளஸ் ஈயக் கம்பத்தில், கறுப்பு முனை மைனஸ் கம்பத்தில். கம்பத்தைப் பிடித்திருக்கும் ஒயர் கிளாம்ப்பின் மேல் வைக்காமல் கம்பத்திலேயே வைக்க வேண்டும். வண்டி இரவு முழுக்க நின்றிருந்தால் அளவு சரியாக இருக்கும். இப்போதுதான் ஓட்டி நிறுத்தியது என்றால் ஹெட்லைட்டை இரண்டு நிமிடம் எரியவிட்டு அணைத்து, சற்றுப் பொறுத்து அளக்கவும்.

12.6 வோல்ட் அல்லது அதற்கு மேல் என்றால் முழுச் சார்ஜ். 12.4 என்றால் முக்கால், 12.2 என்றால் பாதி, 12.0 என்றால் கால் பங்கு. 11.9-க்குக் கீழே போனால் காலி. பேட்டரிக்குள் 6 செல்கள், ஒவ்வொன்றும் சுமார் 2.1 வோல்ட். எவ்வளவு சார்ஜ் போட்டாலும் 10.5 பக்கத்திலேயே நின்றால் ஒரு செல் உள்ளே ஷார்ட் ஆகிவிட்டது. அந்தப் பேட்டரிக்கு இனி வைத்தியம் இல்லை.

அடுத்ததுதான் முக்கியமான சோதனை. மீட்டர் முனைகள் அங்கேயே இருக்க, வேறொருவரைச் சாவியைத் திருப்பச் சொல்லுங்கள். நம் ஊர் வெயிலில் நல்ல பேட்டரி அந்த நேரத்திலும் 9.6 வோல்ட்டுக்கு மேலேயே நிற்கும். 12.5 காட்டிய பேட்டரி சாவியைத் திருப்பியதும் 7, 6 என்று விழுந்தால் உள்ளே தகடு செத்துவிட்டது. மாறாக 12 வோல்ட்டிலேயே அசையாமல் நின்றுகொண்டு 'டக்' மட்டும் வந்தால் பேட்டரியைத் தொடாதீர்கள், 12-ம் கேள்விக்குப் போங்கள்.

6. டெர்மினல்ல வெள்ளையா, பச்சையா பூத்திருக்கு. அதனாலயும் இப்படி ஆகுமா?

தாராளமாக ஆகும். செலவே இல்லாமல் சரியாகும் கோளாறு என்பதால் இதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். கிளாம்ப்பைக் கையால் திருகிப் பாருங்கள். கொஞ்சம் அசைந்தாலும் பிடிப்பு போதாது. பூப்பு கண்ணுக்குத் தெரியாமல் கிளாம்ப்புக்கும் கம்பத்துக்கும் நடுவில் மட்டும் படிந்திருப்பதும் உண்டு. அதனால் பார்க்கச் சுத்தமாக இருந்தாலும் ஒரு முறை கழற்றிப் பாருங்கள்.

சாவியை எடுத்துவிட்டு, பெரும்பாலான கார்களில் 10 மி.மீ. ஸ்பேனரால் முதலில் மைனஸைக் கழற்றவும், பிறகு பிளஸ். பிளஸை முதலில் தொட்டால் ஸ்பேனர் பாடியில் பட்டுத் தீப்பொறி பறக்கும். ஒரு தம்ளர் வெந்நீரில் ஒரு மேசைக்கரண்டி ஆப்பசோடா கரைத்துப் பூப்பின் மேல் ஊற்றுங்கள். பொங்கி அடங்கியதும் பழைய டூத்பிரஷால் தேய்த்துத் தண்ணீர் விட்டுக் கழுவித் துடைக்கவும். செல் மூடிகள் இறுக்கமாக இருக்கட்டும், சோடா உள்ளே போகக் கூடாது. பிறகு கம்பத்தையும் கிளாம்ப்பின் உட்புறத்தையும் உப்புத்தாளால் பளபளப்பு வரும்வரை தேய்க்கவும். மாட்டும்போது முதலில் பிளஸ், கடைசியில் மைனஸ். இறுக்கிய பிறகு மேலே லேசாக வாசலின் தடவுங்கள்.

கம்பம் மெல்லியதாகவும் கிளாம்ப் பெரியதாகவும் இருந்தால் நடுவில் ஆணியோ தகரத் துண்டோ சொருகி இறுக்கிவிடும் பழக்கம் பல இடங்களில் உண்டு. அதை ஏற்கவே முடியாது. இரண்டு மூன்று புள்ளிகளில் மட்டும் தொடுவதால் அங்கே சூடாகி மறுபடி 'டக்'தான் வரும். இதற்கென்றே ஈயத்தில் செய்த உறை பேட்டரிக் கடைகளில் கிடைக்கிறது.

7. ஜம்ப் ஸ்டார்ட் எப்படிப் பண்றது? எந்த ஒயர முதல்ல மாட்டணும்?

உதவும் வண்டியும் 12 வோல்ட்டாக இருக்க வேண்டும். பெரிய லாரி, பஸ்களில் 24 வோல்ட். அவற்றிலிருந்து நேராக இழுத்தால் உங்கள் காரின் எலக்ட்ரானிக்ஸ் போய்விடும். ஜம்பர் கேபிளின் செம்பு பெட்ரோல் காருக்கு 16 சதுர மி.மீ., டீசலுக்கு 25 சதுர மி.மீ. குறையாமல் இருந்தால் நல்லது. வெளியே தடிமனாகத் தெரிந்தாலும் உள்ளே நூலளவு செம்பு வைத்த மலிவு கேபிள்கள் விற்கின்றன. இரண்டு வண்டிகளும் ஒன்றையொன்று தொடக் கூடாது.

வரிசை இது: சிவப்பின் ஒரு முனை இறங்கிய பேட்டரியின் பிளஸில், மறுமுனை நல்ல பேட்டரியின் பிளஸில். கறுப்பின் ஒரு முனை நல்ல பேட்டரியின் மைனஸில், கடைசி முனை உங்கள் வண்டி இன்ஜினில் பெயிண்ட் இல்லாத கனமான இரும்புப் பகுதியில். அதை இறங்கிய பேட்டரியின் மைனஸில் மாட்டக் கூடாது. கடைசி முனை மாட்டும்போது பொறி வரும், பேட்டரியிலிருந்து ஹைட்ரஜன் வாயு கசிந்திருந்தால் அது வெடிக்கும். உதவும் வண்டியை 5 முதல் 10 நிமிடம் ஓடவிட்டுப் பிறகு உங்கள் சாவியைத் திருப்புங்கள். ஸ்டார்ட் ஆனதும் அதே வரிசையைத் தலைகீழாக்கிக் கழற்றவும். பேட்டரி உப்பியிருந்தாலோ, வெடித்து ஆசிட் ஒழுகினாலோ, அழுகிய முட்டை வாடை வந்தாலோ இந்த வேலையே வேண்டாம்.

8. ஜம்ப் போட்டும் அதே 'டக்'தான். அடுத்து?

முதலில் கிளிப்புகளை ஆட்டி நன்றாகக் கடிக்கவைத்து, இன்னும் பத்து நிமிடம் பொறுத்துப் பாருங்கள். கறுப்பு முனையை இன்ஜினில் வேறு இடத்தில் மாட்டிப் பாருங்கள். கேபிள் கையைச் சுடும் அளவுக்குச் சூடானால் அதன் தடிமன் போதவில்லை. இவை எல்லாம் சரியாக இருந்து, 'டகடக' என்பது மாறி ஒற்றை 'டக்' ஆகிவிட்டால் கோளாறு செல்ஃப் பக்கம். இந்தச் சோதனையில் ஒரு நன்மை உண்டு: ஜம்ப்பில் ஆகாத வண்டிக்குப் புதுப் பேட்டரி வாங்கியும் பெரும்பாலும் பயன் இருக்காது என்பது கடைக்குப் போகும் முன்பே தெரிந்துவிடும்.

9. சத்தம் பானெட்டுக்குள்ள இல்ல. டேஷ்போர்டு பக்கமா 'டிக்'னு மெல்லிசா கேக்குது.

அது ரிலேயின் சத்தம். சாலினாய்டின் சத்தம் கனமாக, இன்ஜின் பக்கம் கேட்கும். ரிலே வேலை செய்தும் சாலினாய்டு இழுக்கவில்லை என்றால் 1-ம் கேள்வியில் சொன்ன கணக்கு இங்கே பொருந்தாது. கோளாறு ரிலேக்கும் சாலினாய்டுக்கும் இடையில். ஃபியூஸ் பெட்டியில் அதே எண் அச்சிட்ட வேறு ரிலே, பல கார்களில் ஹாரன் ரிலே, இருக்கும். அதை மாற்றிப் போட்டுப் பாருங்கள்.

பிறகு சாலினாய்டின் மெல்லிய ஒயர் முனையில் மீட்டரை வைத்துச் சாவியைத் திருப்பச் சொல்லுங்கள். பெரும்பாலும் அதன் பக்கத்தில் 50 என்ற எண் இருக்கும். அங்கே பேட்டரியின் அளவைவிட ஒன்றிரண்டு வோல்ட் குறைவாக வந்தால் பரவாயில்லை. 8, 7 என்றால் இக்னிஷன் சுவிட்சின் உட்பகுதி தேய்ந்திருக்கிறது அல்லது சாக்கெட் துருப்பிடித்திருக்கிறது. வோல்டேஜ் சரியாக வந்தும் சாலினாய்டு அசையவில்லை என்றால் அதன் காயில் போய்விட்டது.

10. தள்ளி ஸ்டார்ட் பண்ணலாமா?

மேனுவல் கியர் வண்டி என்றால் பண்ணலாம். சாவி ஆன், கிளட்ச்சை முழுக்க மிதித்து இரண்டாவது கியர், வண்டி ஓட்டமாக நகர்ந்ததும் கிளட்ச்சைச் சட்டென்று விட்டு, இன்ஜின் பிடித்ததும் மறுபடி மிதிக்கவும். முதல் கியர் வேண்டாம், வண்டி குலுங்கி நின்றுவிடும். இன்ஜின் ஓடாத வண்டியில் பிரேக் கட்டையாக இருக்கும், பவர் ஸ்டீயரிங் கனக்கும். இறக்கத்தில் இதைச் செய்யும்போது நினைவிருக்கட்டும்.

ஆட்டோமேட்டிக்கில் தள்ளிப் பயனில்லை. மேனுவல் கியரையே தானாக மாற்றும் ஏஎம்டி வண்டியில் கிளட்ச்சை இயக்குவதே கரண்ட் என்பதால் அதிலும் நடக்காது. மேனுவலிலும் பேட்டரி அறவே காலியாக இருந்தால் ஃபியூயல் பம்ப்பும் இன்ஜினை இயக்கும் கணினியான இசியூவும் எழாது. செல்ஃப் கோளாறுக்குத்தான் தள்ளுவது நன்றாக உதவும். தண்ணீரில் நின்ற வண்டியை மட்டும் எக்காரணம் கொண்டும் தள்ளாதீர்கள், 19-ம் கேள்வி அதைப் பற்றியது.

11. மெக்கானிக் செல்ஃப் மேல ஸ்பேனரால தட்டினார், உடனே ஸ்டார்ட் ஆச்சு. அப்படியே ஓட்டலாமா?

வீடு வரை அல்லது பட்டறை வரை ஓட்டலாம். தட்டியதும் ஆகிறது என்றால் கார்பன் பிரஷ் தேய்ந்து, அது உரசும் சுழலும் செம்பு வளையமான காமுட்டேட்டரைத் தொட்டும் தொடாமலும் நிற்கிறது, அல்லது சாலினாய்டின் தட்டு கருகியிருக்கிறது. அதிர்ச்சியில் ஒரு கணம் தொடர்பு கிடைக்கிறது. இன்று ஒரு தட்டில் ஆகும், பிறகு பத்துத் தட்டுக்கும் ஆகாது. தட்டுவதானால் மோட்டாரின் உடலில் மரக்கட்டை வைத்து லேசாகத் தட்டவும். நிரந்தரக் காந்தம் வைத்த செல்ஃப்கள் இப்போது அதிகம், ஓங்கி அடித்தால் உள்ளே காந்தம் உடைந்துவிடும்.

உடனே புது செல்ஃப் வாங்க வேண்டியதில்லை. நல்ல ஆட்டோ எலக்ட்ரீஷியனிடம் கொடுத்தால் கழற்றி, கார்பன் பிரஷ், மோட்டார் தண்டைத் தாங்கும் புஷ், சாலினாய்டு தட்டு மாற்றி, காமுட்டேட்டரைக் கடைந்து தருவார். சுழலும் பகுதியான ஆர்மேச்சரின் காயில் எரிந்திருந்தால்தான் செலவு பெரிதாகும். மாற்றிய பழைய பாகங்களைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். சாலினாய்டின் இரண்டு போல்ட்டுகளையும் ஸ்க்ரூடிரைவரால் இணைத்துச் சுற்றவைக்கும் முறையை வீட்டில் செய்ய வேண்டாம். பெரிய பொறி பறக்கும், வண்டி கியரில் இருந்தால் முன்னால் நிற்பவர் மேல் பாயும்.

12. புது பேட்டரியும் போட்டாச்சு. ஆனா அதே 'டக்'. இப்ப என்ன?

இந்தக் கேள்விதான் அதிகம் வருகிறது. பேட்டரிக்கும் மோட்டாருக்கும் நடுவில் வோல்டேஜ் எங்கே தொலைகிறது என்று அளக்க வேண்டும். வண்டி திடீரென்று ஓடிவிடாமல் நியூட்ரலில் வைத்து ஹேண்ட்பிரேக் போட்டு, ஃபியூயல் பம்ப் ஃபியூஸைக் கழற்றிவிடுங்கள். மீட்டர் டிசி 20 வோல்ட்டிலேயே இருக்கட்டும்.

முதலில் பிளஸ் பக்கம். சிவப்பு முனை பேட்டரியின் பிளஸ் கம்பத்தில், கறுப்பு முனை செல்ஃபில் தடித்த ஒயர் வந்து சேரும் போல்ட்டில். சாவியைத் திருப்பும்போது 0.5 வோல்ட்டுக்குக் கீழே காட்ட வேண்டும். அடுத்து எர்த் பக்கம். ஒரு முனை பேட்டரியின் மைனஸ் கம்பத்தில், மறுமுனை இன்ஜின் பிளாக்கின் சுத்தமான இரும்பில். இங்கே 0.3-க்குக் கீழே இருந்தால் நல்லது. 1 அல்லது 2 வோல்ட் காட்டினால் கோளாறு அந்தப் பாதையில்தான். 150 ஆம்பியர் ஓடும் இடத்தில் 0.01 ஓம் தடை இருந்தாலே 1.5 வோல்ட் தொலைந்துவிடும். அதனால்தான் பார்வைக்கு நன்றாக இருக்கும் ஒயர், சாதாரண ஓம் சோதனையில் தேறிவிடும், செல்ஃபைச் சுற்றும்போது தோற்றுவிடும்.

எர்த் பக்கம்தான் பலரும் மறப்பது. பேட்டரி மைனஸிலிருந்து பாடிக்கு ஒரு ஒயர், பாடியிலிருந்து இன்ஜினுக்கோ கியர்பாக்ஸுக்கோ ஒரு பட்டை ஒயர் போகும். கிளட்ச் வேலைக்காகக் கியர்பாக்ஸை இறக்கி ஏற்றிய பிறகு 'டக்' ஆரம்பித்திருந்தால், அந்தப் பட்டையை மாட்ட மறந்திருப்பார்கள் அல்லது பெயிண்ட் மேல் வைத்து இறுக்கியிருப்பார்கள். ஜம்பர் கேபிளின் கறுப்பு ஒயரைப் பேட்டரி மைனஸிலிருந்து இன்ஜின் இரும்புக்குப் போட்டுப் பாருங்கள். உடனே ஸ்டார்ட் ஆனால் எர்த்தான் குற்றவாளி.

இரண்டு பக்கமும் தொலைவது குறைவு, 9-ம் கேள்வியில் சொன்ன 50-ம் முனையிலும் வோல்டேஜ் சரி, இருந்தும் 'டக்' மட்டும் வருகிறது என்றால் செல்ஃபைக் கழற்றலாம். இந்த மூன்று அளவுகளையும் எடுக்காமல் செல்ஃபைக் கழற்றச் சொல்லாதீர்கள்.

13. காலையில ஒரே கிக்குல ஆகுது. ஓட்டிட்டு வந்து நிறுத்தி, பத்து நிமிஷத்துல எடுத்தா 'டக்'. ஆறினா சரியாயிடுது.

சூட்டில் செம்பு ஒயரின் தடை கூடும், சாலினாய்டு காயிலின் இழுப்பு குறையும். சைலன்ஸர் குழாய்க்குப் பக்கத்தில் செல்ஃப் உள்ள வண்டிகளில் இது அதிகம். தேய்ந்த புஷ் சூட்டில் இன்னும் இறுகும். ஏற்கெனவே இழுபறியில் இருக்கும் செல்ஃபோ ஒயரோதான் இப்படிக் காட்டிக்கொடுக்கிறது. 12-ம் கேள்வியின் அளவுகளை வண்டி சூடாக, கோளாறு நடக்கும் நேரத்திலேயே எடுக்க வேண்டும். ஆறிய பிறகு அளந்தால் எல்லாம் சரியாகவே காட்டும். சூட்டுத் தடுப்புத் தகடு கழன்று விழுந்திருக்கிறதா என்றும் கீழே குனிந்து பாருங்கள்.

14. ஜம்ப்ல ஸ்டார்ட் ஆயிடுச்சு. அரை மணி நேரம் ஓட்டினா பேட்டரி ஏறிடுமா?

முழுக்க ஏறாது. அடுத்த ஒரு ஸ்டார்ட்டுக்குப் போதுமான அளவு ஏறலாம், நகர நெரிசலில் ஏசியும் லைட்டும் போட்டு ஓட்டினால் அதுவும் உறுதியில்லை. அறவே இறங்கிய பேட்டரியைச் சார்ஜரில் போடுவதுதான் முறை. 35 ஆம்பியர் அவர் பேட்டரிக்கு அதில் பத்தில் ஒரு பங்கு, அதாவது சுமார் 3.5 ஆம்பியரில், 10 மணி நேரத்துக்கு மேல் ஆகும். காற்றோட்டமான இடத்தில், நெருப்பு பக்கத்தில் இல்லாமல். தண்ணீர் ஊற்றும் வகை பேட்டரி என்றால் டிஸ்டில்டு வாட்டர் மட்டும், அளவுக்கோடு வரை.

15. வண்டி ஓடும்போது பேட்டரி ஒயரைக் கழட்டினா டைனமோ நல்லா இருக்கான்னு தெரியுமாமே?

தயவுசெய்து செய்யாதீர்கள். பேட்டரி இல்லாத கணத்தில், டைனமோ என்று பலர் சொல்லும் ஆல்டர்னேட்டரின் வோல்டேஜ் சட்டென்று எகிறும். இசியூ, ஸ்டீரியோ, ஏர்பேக் மாட்யூல் எதுவும் போகலாம். கார்புரேட்டர் காலத்து வண்டிகளோடு முடிந்திருக்க வேண்டிய பழக்கம் இது. இன்ஜின் ஓடும்போது பேட்டரி கம்பங்களில் மீட்டரை வைத்தாலே போதும், 13.8 முதல் 14.7 வரை காட்ட வேண்டும். லைட், ஏசி போட்டதும் 13-க்குக் கீழே இறங்கினால் சார்ஜ் போதவில்லை. 15-ஐத் தாண்டினால் ரெகுலேட்டர் கெட்டு, பேட்டரி கொதித்துக்கொண்டிருக்கிறது. சார்ஜ் மிக நுட்பமாகக் கட்டுப்படுத்தப்படும் சில புதிய கார்களில் சற்று நேரம் 12.8 வரை இறங்குவது இயல்பு.

16. ரெண்டு நாள் நிறுத்தினா போதும், மூணாவது நாள் 'டகடக'. பேட்டரி புதுசு, சார்ஜும் 14.2 இருக்கு.

வண்டி தூங்கும்போது ஏதோ ஒன்று கரண்ட் குடிக்கிறது. பூட்டிய வண்டி 50 மில்லி ஆம்பியருக்குள் இழுத்தால் பிரச்சினையில்லை, நாளுக்கு 1.2 ஆம்பியர் அவர்தான் போகும். அதுவே 500 மில்லி ஆம்பியர் என்றால் 35 ஆம்பியர் அவர் பேட்டரியில் பாதி ஒன்றரை நாளில் காலி.

அளக்க, மீட்டரின் சிவப்பு ஒயரை 10 ஆம்பியர் துளையில் சொருகி, மைனஸ் கிளாம்ப்பைக் கழற்றி, கம்பத்துக்கும் கிளாம்ப்புக்கும் நடுவில் மீட்டரைச் சேருங்கள். அரை மணி நேரம் பொறுக்க வேண்டும், கணினிகள் உறங்க அவ்வளவு ஆகும். இந்த நிலையில் சாவியைத் திருப்பினால் மீட்டரின் ஃபியூஸ் போய்விடும். அளவு அதிகம் என்றால் ஃபியூஸ்களை ஒவ்வொன்றாகப் பிடுங்குங்கள். எதைப் பிடுங்கியதும் அளவு விழுகிறதோ அந்த வரிசையில் திருடன் இருக்கிறான். வெளியில் மாட்டிய ஸ்டீரியோ, டேஷ்கேம், ஜிபிஎஸ் டிராக்கர், அணையாத டிக்கி லைட் ஆகியவற்றை முதலில் பாருங்கள்.

17. எனக்கு சாவியே இல்ல, பட்டன் ஸ்டார்ட். அமுக்கினா 'டிக்', மீட்டர் லைட்டெல்லாம் மினுக்குது.

மினுக்கினால் பேட்டரி அல்லது டெர்மினல்தான், 5, 6-ம் கேள்விகளின்படியே பாருங்கள். சாவி தெரியவில்லை என்று திரையில் வந்தால் ரிமோட்டின் பட்டன் செல் தீர்ந்திருக்கும், பலவற்றில் அது சிஆர் 2032. பல கார்களில் ரிமோட்டையே பட்டனோடு ஒட்டிவைத்து அமுக்கினால் ஸ்டார்ட் ஆகும். ஆட்டோமேட்டிக்கில் பிரேக்கை மிதித்தும் பட்டன் ஏற்காவிட்டால் பின்னால் பிரேக் லைட் எரிகிறதா என்று ஒருவரைப் பார்க்கச் சொல்லுங்கள். எரியாவிட்டால் பிரேக் சுவிட்ச் அல்லது அதன் ஃபியூஸ்.

18. செல்ஃப் போச்சா, இன்ஜினே ஜாம் ஆச்சான்னு எப்படிப் பிரிக்கிறது?

மேனுவல் வண்டியை நான்காவது கியரில் போட்டு, சாவி ஆஃபில், சமதரையில் முன்னும் பின்னும் தள்ளிப் பாருங்கள். இன்ஜின் சுற்றுவது மெல்லிய இழுப்பாகத் தெரியும். சக்கரம் பாறைபோல் நின்றால் சந்தேகம். ஆட்டோமேட்டிக்கில் கிராங்க் புல்லியின் நடு போல்ட்டில் சாக்கெட் மாட்டி, இன்ஜின் சுற்றும் திசையில் கையால் திருப்ப வேண்டும். பெரும்பாலான இன்ஜின்களில் அது கடிகாரத் திசை. கையால் சுற்றினால் இன்ஜின் நலம், கோளாறு செல்ஃபில். சுற்றவில்லை என்றால் ஏசி கம்ப்ரஸர், ஆல்டர்னேட்டர் ஆகியவற்றின் பெல்ட்டைக் கழற்றிவிட்டு மீண்டும் முயலவும். அவற்றில் ஒன்று இறுகியிருந்தாலும் இன்ஜினைப் பிடித்துவைக்கும்.

19. மழைத்தண்ணி பம்பருக்கு மேல ஏறி நின்னுச்சு. வடிஞ்சதும் சாவி போட்டேன், 'டக்'னு ஒரு சத்தம். இன்னொரு தடவை போட்டுப் பாக்கலாமா?

வேண்டாம். காற்று உறிஞ்சும் குழாய் வழியே தண்ணீர் சிலிண்டருக்குள் போயிருக்கலாம். காற்று அமுங்கும், தண்ணீர் அமுங்காது. பிஸ்டன் தண்ணீரில் முட்டி நிற்பதால்தான் அந்த ஒற்றை 'டக்'. விடாமல் சாவியைத் திருப்பினாலோ தள்ளினாலோ பிஸ்டனோடு இணைந்த கனெக்டிங் ராடு வளைந்துவிடும். டீசலில் சிலிண்டர் தலையில் மிஞ்சும் இடம் இன்னும் சிறியது, குறைந்த தண்ணீரே போதும். 2015 டிசம்பர் வெள்ளத்திலும் 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையிலும் சென்னையில் எத்தனையோ வண்டிகள் மூழ்கின. ராடு வளையாமல் இருக்கும் இன்ஜினைச் சுத்தம் செய்து மீட்கலாம், வளைந்தால் இன்ஜினை இறக்கிப் பிரிக்க வேண்டும். இரண்டுக்கும் நடுவே இருப்பது அந்த இன்னொரு முறை திருப்பும் சாவிதான்.

பேட்டரி மைனஸைக் கழற்றுங்கள். தண்ணீர் எதுவரை ஏறியது என்று சேற்றுக் கோடு தெரியும்படி படம் எடுங்கள். ஏர் ஃபில்டர் பெட்டியைத் திறந்து பாருங்கள், ஃபில்டர் நனைந்திருந்தால் தண்ணீர் உள்ளே போயிருக்க வாய்ப்பு அதிகம். ஆயில் குச்சியில் பால் கலந்ததுபோல் வெளுத்துத் தெரிந்தால் ஆயிலிலும் தண்ணீர். இன்ஷூரன்ஸுக்குத் தகவல் சொல்லி, நான்கு சக்கரமும் தரையில் படாதபடி ஏற்றிச்செல்லும் வண்டியில் கொண்டுபோங்கள். தண்ணீர் புகுந்தபின் ஸ்டார்ட் செய்ததால் இன்ஜின் உடைந்தால், சாதாரண காம்ப்ரிஹென்சிவ் பாலிசியில் அது பொதுவாக வராது, இன்ஜின் பாதுகாப்புக்கான தனி இணைப்பு வேண்டும். பட்டறையில் ஸ்பார்க் ப்ளக் அல்லது இன்ஜெக்டரைக் கழற்றி, சிலிண்டரிலிருந்து தண்ணீரை வெளியேற்றிய பிறகே இன்ஜினைச் சுற்றுவார்கள்.

தண்ணீர் இன்ஜினுக்குள் போகாமல் தப்பிய வண்டியிலும், சில வாரம் கழித்து 'டக்' வரலாம். கீழே தொங்கும் செல்ஃபுக்குள் வண்டல் புகுந்து புஷ்ஷும் பெண்டிக்ஸும் துருப்பிடித்திருக்கும். வெள்ளத்தில் நின்ற வண்டிக்குச் சர்வீஸ் சொல்லும்போதே செல்ஃபைக் கழற்றிச் சுத்தம் செய்து கிரீஸ் வைக்கச் சொல்லுங்கள்.

20. சரி, பேட்டரிதான்னு உறுதியாயிடுச்சு. வாங்கும்போது என்ன பாக்கணும்? பெரிசா போட்டா நல்லதா?

பழைய பேட்டரியில் இருக்கும் குறியீட்டைப் பாருங்கள். 38பி20எல் என்றால் 20 என்பது சென்டிமீட்டரில் ஏறத்தாழ நீளம், கடைசி எழுத்து பிளஸ் கம்பம் எந்தப் பக்கம் என்பதைச் சொல்லும். எல்லுக்குப் பதில் ஆர் வாங்கினால் ஒயர் எட்டாது, இழுத்து மாட்ட முயன்று பிளஸ் மைனஸ் மாறினால் பெரிய சேதம். தட்டில் அடங்கி, கிளாம்ப் கம்பி பிடித்தால் சற்றுக் கூடுதல் கொள்ளளவு போடுவதில் தவறில்லை, பானெட்டில் இடிக்கக் கூடாது. சிக்னலில் தானாக நின்று எழும் வண்டிக்கு இஎஃப்பி அல்லது ஏஜிஎம் வகை போட்டிருப்பார்கள். அதே வகையைத்தான் மறுபடி போட வேண்டும், சாதாரணப் பேட்டரி அங்கே சீக்கிரம் சாகும்.

தயாரித்த தேதியைக் கேளுங்கள், கடையில் ஆறு மாதம் சும்மா கிடந்ததை வாங்காதீர்கள். மாட்டும் முன் 5-ம் கேள்வியின்படி அளந்து, 12.4-க்குக் குறைந்தால் சார்ஜ் போட்டுத் தரச் சொல்லுங்கள். வாரண்டி அட்டையில் எத்தனை மாதம் இலவச மாற்று, எத்தனை மாதம் தள்ளுபடி மட்டும் என்பது தனித்தனியாக இருக்கும், கடை முத்திரையும் தேதியும் விழுந்திருக்க வேண்டும். நம் வெயிலில் மூன்று நான்கு ஆண்டு உழைத்த பேட்டரி கடமையை முடித்துவிட்டது என்று கொள்ளலாம். ஒரே ஆண்டில் போனால் புதிதாக வாங்கும் முன் 15, 16-ம் கேள்விகளின் அளவுகளை எடுத்துவிடுங்கள்.